பீரங்கியால் காக்க முடியாத தேக்கா

2016 ஆகஸ்ட் 5ஆம் தேதி இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஆறு பேரைப் போலீஸ் பிடித்தது. கடலுக்கு இந்தப் பக்கம் சிங்கப்பூரில் இருக்கும் மரினா பே பகுதி மீது ராக்கெட் ஏவுவது அவர்களுடைய திட்டம். அவர்களை இயக்கியவராகச் சொல்லப்பட்ட பஹ்ருன் நயிம் அப்போது சிரியாவில் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து படகேறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாத்தாம் போய்விடலாம்; இடையில் இருப்பது ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் கடல். திட்டம் திட்டமாகவே முடிந்தது. ஆனால் ஏவியிருந்தால் தடுத்திருக்க முடியுமா என்பது இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

ராக்கெட்டையும் மோர்ட்டார் குண்டையும் வானத்திலேயே சுட்டு உடைக்கும் பீரங்கிகள் உலகில் இருக்கின்றன. போர்க்கப்பலைக் காக்கச் செய்யப்பட்ட ஃபாலங்ஸ் பீரங்கியை அமெரிக்க ராணுவம் தரைக்குக் கொண்டுவந்து ஈராக்கில் நிறுத்தியது. பாக்தாத் முகாம்கள் மீது நாள்தோறும் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. சுழலும் ஆறு குழல்கள், 20 மில்லிமீட்டர் தோட்டா, நிமிடத்துக்கு 4,500 வரை சுடும் வேகம். மனிதக் கை இதில் மிகவும் பிந்தித்தான் வருகிறது. குண்டு கிளம்பியதுமே ரேடார் அதன் பாதையைக் கணித்து, எங்கே விழும் என்று சொல்லிவிடும். வெறும் பொட்டலில் விழுமென்றால் சுடுவதில்லை. ஆட்கள் இருக்கும் இடமென்றால் சங்கு ஊதும். கிடைப்பது சில நொடிகள்தான்.

ஜெர்மன் விமானப்படை வாங்கிய மாண்டிஸ் பீரங்கி வேறு வழியில் போகிறது. 35 மில்லிமீட்டர் குண்டு ஒவ்வொன்றும் குழல்வாயைத் தாண்டும் கணத்தில் அதன் வேகம் அளக்கப்பட்டு, வெடிக்க வேண்டிய நேரம் அந்தக் குண்டுக்கே சொல்லப்படுகிறது. இலக்குக்குச் சற்று முன்னால் அது வெடித்து 152 டங்ஸ்டன் துண்டுகளை வழியில் விரிக்கும். எதிரே வரும் குண்டு தானாகவே அதற்குள் போய் மோதிக்கொள்ளும். இந்த வேலைப்பாட்டைப் படித்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை.

சிங்கப்பூருக்கு 35 மில்லிமீட்டர் பீரங்கி புதிதல்ல. ஆகாயப்படையின் 160ஆம் பிரிவு ஓர்லிக்கான் பீரங்கிகளோடு பல பத்தாண்டுகள் காவல் இருந்திருக்கிறது. ஆனால் அவை விமானத்தை எதிர்பார்த்து வைக்கப்பட்டவை. சிறிய மோர்ட்டார் குண்டை எதிர்கொள்ள வேறு ரேடாரும் வேறு குண்டும் வேண்டும்.

அவையும் கிடைத்தன என்றே வைத்துக்கொள்வோம். இந்த வகைப் பீரங்கி காப்பது ஒன்றிரண்டு கிலோமீட்டரை மட்டுமே. மரினா பேயில் நிறுத்தியது லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு உதவாது. அங்கே இன்னொன்று வேண்டும், தோ பாயோவுக்கு மற்றொன்று. அதைவிடப் பெரிய கவலை கீழே விழுவதைப் பற்றியது. குறி தவறிய ஃபாலங்ஸ் தோட்டாக்கள் வானிலேயே தாமாக வெடித்துவிடும்படி செய்யப்பட்டவைதான். என்றாலும் வெடித்த துண்டுகள் எங்கேயாவது விழுந்தாக வேண்டுமே. ராணுவ முகாமில் ஆளில்லாத இடம் உண்டு. ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் சாலையில், ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைப் பார்க்கவும் கூடும் தொழிலாளர்கள் நடுவே அப்படி ஓர் இடம் ஏது? பீரங்கியைக் காட்டி இந்த நகரத்துக்குத் தைரியம் சொல்வது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. 2016இல் காத்தது இரு நாட்டு அதிகாரிகள் தகவலைப் பகிர்ந்துகொண்டதும், ஏவுவதற்கு முன்பே கதவைத் தட்டியதும்தான்.

குண்டு விழுந்த அனுபவம் இந்த ஊருக்கு உண்டு. 1941 டிசம்பர் 8 விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுட்டும் 61 பேர் இறந்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் உயரம் என்று காரணம் சொல்லி அன்றைய ஆட்சி பொதுமக்களுக்குப் போதிய பதுங்கிடம் கட்டவில்லை. சிராங்கூன் சாலைத் தமிழர்கள் வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் ஓடி ஒதுங்கினார்கள். கோயில் சேதமின்றித் தப்பியது அவர்களுடைய நல்வினை. இலங்கையின் வன்னியில் 2009 போரின்போது மணலைத் தோண்டிப் பங்கர் அமைத்த ஈழத்துக் குடும்பங்களுக்கு அந்த நல்வினையும் வாய்க்கவில்லை. ஷெல் வரும் சத்தத்தை அறிந்தவர்களிடம் கேட்டால், தலைக்கு மேல் கனமான கூரை இருந்ததா என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

அந்தக் கூரையைச் சிங்கப்பூர் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 1997இல் வந்த சட்டம் புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்குத் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பதுங்கறையைக் கட்டாயமாக்கியது. எல்லாரும் பாம் ஷெல்டர் என்று அழைக்கும் அறை அது. வடகிழக்குத் தடத்தின் ரயில் நிலையங்கள் பலவும் பதுங்கிடமாகப் பயன்படும்படி கட்டப்பட்டவை. பழைய அடுக்குமாடிகளிலும் சிராங்கூன் சாலையின் கடைவீடுகளிலும் இருப்பவர்களுக்கும், தங்கும் விடுதியில் ஒரே அறையில் பலராக உறங்கும் தொழிலாளர்களுக்கும் அப்படியோர் அறை இல்லை. பொதுப் பதுங்கிடத்துக்கு வழி எது என்பதை அவர்களுக்குத் தமிழில், அவரவர் விடுதிச் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும். அறை உள்ளவர்கள் அதை அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் கூரைவரை அடுக்கிய கிடங்காக்கிவிடாமல், கதவு முழுதாகத் திறந்து மூடும்படியும் உள்ளே வீட்டார் அனைவரும் உட்காரும்படியும் வைத்திருக்கட்டும்.