முற்றத்தில் ஒரு பயிற்சிக்கூடம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் சிற்றூர்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில், நடக்க இயலாத குழந்தை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நகரத்து மருத்துவமனையில் அதற்குத் தசைப் பயிற்சி தருகிறார்கள். ஆனால், ஒவ்வொரு முறையும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துச் செலவு வேறு. நாளடைவில் பயிற்சி நின்றுவிடுகிறது. பயன்படுத்தாத தசை மெலிகிறது. மடங்கிய மூட்டு இறுகிப்போகிறது.

இதற்கு வழி என்ன? குழந்தை பயிற்சியைத் தேடிப் போவதற்குப் பதிலாக, பயிற்சி குழந்தையைத் தேடி வரவேண்டும். இதுவே ‘சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு’ ஆகும். 1978-இல் கூடிய அல்மா ஆட்டா மாநாட்டிற்குப் பின் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரப்பியது.

தமிழ்நாட்டில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1975-இல் தண்டுவடத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் இதைத் தம் ஊரிலேயே தொடங்கினார்.

இம்முறையில், பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கே வந்து தாய்க்குக் கற்றுத்தருகிறார். முற்றத்தில் இரண்டு சவுக்குக் கழிகளை இணையாகக் கட்டினால் நடைபழகும் சாதனம் தயார்! இளம் வயதில் மூளை புதிய இணைப்புகளை எளிதில் உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே, பயிற்சியை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று.

தசை வலுப்பெற்றால் மட்டும் போதுமா? பள்ளி வாயிலில் 50 சென்டிமீட்டர் உயரப் படிகள் இருந்தால், சக்கர நாற்காலியில் வரும் மாணவி வெளியேதான் நிற்பாள். அவளும் நாற்காலியும் சேர்ந்து 60 கிலோ என்போம். தூக்கிச் செல்ல அந்த எடை முழுவதையும் தாங்க வேண்டும். 6 மீட்டர் நீளச் சாய்தளம் அமைத்தாலோ, உராய்வு நீங்கலாக, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 5 கிலோ எடைக்குச் சமமான விசையே போதும். அவள் தானே ஏறிவிடலாம்!

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. உரிய அளவு குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியிலேயே இலவசமாகப் படிக்கும் உரிமையையும் அது தருகிறது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. படியைக் கடக்க வைப்பது ஊராரின் வேலை அல்லவா?

மாணவர்களே, உங்கள் பள்ளிப் படிகளின் மொத்த உயரத்தை அளந்து, 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். அமைக்க வேண்டிய சாய்தளத்தின் நீளம் கிடைத்துவிடும். அதைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள்.