மல்லாந்து கிடக்கும் டரான்டுலா... செத்துப்போச்சா? சட்டை உரிக்குதா? வளர்ப்பவர்கள் செய்யவே கூடாத தவறு இதுதான்!

காலையில் எழுந்து கண்ணாடித் தொட்டியைப் பார்த்தால், ஆசையாக வளர்த்த டரான்டுலா சிலந்தி 8 கால்களையும் விரித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. அசைவே இல்லை. 'ஐயோ, செத்துப்போச்சே!' என்று பதறி, குச்சியால் தட்டிப் பார்ப்பதும், பிடித்து நேராகத் திருப்பி வைப்பதும்தான் புதிதாக வளர்ப்பவர்கள் பலருக்கு முதலில் தோன்றும். ஆனால், நன்றாக இருக்கும் சிலந்தியின் உயிரைப் பறிக்க அந்த ஒரு தொடுதலே போதும்.

காரணம், அந்தச் சிலந்தி சாகவில்லை. பாம்பு சட்டை உரிப்பதுபோல தனது பழைய தோலைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் நாய், பூனை மாதிரி டரான்டுலாவையும் வீட்டில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் பயப்படும் நாள் இந்த 'சட்டை உரிக்கும்' நாள்தான். அப்படி என்ன நடக்கிறது? சிக்கல் வந்தால் என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் சட்டை உரிக்கிறது?

சிலந்திக்கு உடலுக்குள் எலும்பு கிடையாது. இறால், நண்டு போல வெளியே இருக்கும் கெட்டியான ஓடுதான் அதற்கு எலும்புக்கூடு. அந்த ஓடு வளராது. எனவே உடல் வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடியில் உருவாகியிருக்கும் புதிய ஓட்டோடு வெளியே வர வேண்டும்.

குட்டிச் சிலந்திகள் சில வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்த பெண் சிலந்தி வருடத்துக்கு ஒருமுறையோ, அதைவிடத் தாமதமாகவோ உரிக்கும். முழங்கால்களில் ஆரஞ்சு நிறம் கொண்ட 'மெக்சிகன் ரெட் நீ' இனத்தின் பெண் சிலந்தி 20 வருடங்களுக்கு மேல் வாழக்கூடியது. அப்படியென்றால், எத்தனை முறை இந்தக் கண்டத்தைத் தாண்டி வர வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். சட்டை உரிப்பதற்குச் சில நாட்கள் அல்லது சில வாரங்களுக்கு முன்பே அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கும்.

- நன்றாகச் சாப்பிட்டுவந்த சிலந்தி திடீரென இரையைத் தொடாது.
- உடல் நிறம் மங்கிப்போகும். நடமாட்டம் குறையும்.
- வயிற்றுப் பகுதியில் முடி உதிர்ந்த வழுக்கை இடம் இருந்தால், அது கருப்பாக மாறும். அடியில் புதிய முடிகள் முளைத்திருப்பதே காரணம்.
- தரையில் பாய் விரித்ததுபோல வலை பின்னும். அதில்தான் படுத்து உரிக்கும்.
- வளைக்குள் வாழும் இனமாக இருந்தால், வாசலை மூடிக்கொள்ளும்.

இந்த நேரத்தில் 'சாப்பிட மாட்டேங்குதே' என்று கவலைப்பட்டு இரையைத் திணிக்க வேண்டியதில்லை. பெரிய டரான்டுலாக்கள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கக்கூடியவை.

ரெண்டு வேலைதான்... ஆனா ரொம்ப முக்கியம்!

அறிகுறி தெரிந்ததும் செய்ய வேண்டியது இரண்டே விஷயங்கள்.

முதலாவது, தொட்டிக்குள் இருக்கும் உயிருள்ள இரையை வெளியே எடுத்துவிட வேண்டும். சட்டை உரிக்கும்போது சிலந்தியால் தப்பிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. இரையாகப் போட்ட சுவர்க்கோழிப் பூச்சியே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும்!

இரண்டாவது, தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். பழைய ஓட்டுக்கும் புதிய ஓட்டுக்கும் நடுவே ஒரு திரவம் சுரந்து இரண்டையும் பிரிக்கிறது. உடலில் நீர்ச்சத்து இருந்தால்தான் இது சரியாக நடக்கும். அதற்காகத் தொட்டி முழுக்கத் தண்ணீரைத் தெளித்துச் சேறாக்கிவிடக் கூடாது. காற்றோட்டம் இல்லாத ஈரம் பூஞ்சைக்கும் பூச்சிகளுக்கும்தான் வசதி. வறண்ட பகுதியைச் சேர்ந்த இனங்களுக்கு, கிண்ணத்தைச் சுற்றி மண் லேசாக ஈரமாக இருந்தாலே போதும்.

செத்துப்போச்சா, உயிரோட இருக்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

செத்துப்போகும் டரான்டுலா பொதுவாக மல்லாந்து கிடக்காது. வயிறு தரையில் படும்படி குப்புற இருந்து, கால்களை உடலுக்கு அடியில் சுருட்டிக்கொண்டுதான் இறக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு அறிவியல் இருக்கிறது. சிலந்தியின் கால்களில் முக்கியமான மூட்டுகளை மடக்கத்தான் தசை உண்டு. நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடல் திரவத்தை அழுத்தத்தோடு செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. பொக்லைன் இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்வது மாதிரி. உயிர் போனால் அழுத்தமும் போய்விடும். கால்கள் தானாக மடங்கிவிடும்.

எனவே, மல்லாந்து கிடந்தால் பயப்பட வேண்டாம். குப்புற இருந்து கால்களைச் சுருட்டிக்கொண்டால்தான் கவனிக்க வேண்டும். அது கடுமையான நீரிழப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

உள்ளே என்னதான் நடக்குது?

சிலந்தியின் இதயம் வயிற்றுப் பகுதியில் இருக்கிறது. சட்டை உரிக்கும்போது அது வேகமாகத் துடித்து, வயிற்றில் உள்ள திரவத்தை முன்பகுதிக்குத் தள்ளும். அந்த அழுத்தத்தில் முதுகு ஓடு டப்பா மூடி திறப்பதுபோலத் தனியாகக் கழன்றுவரும். பிறகு வயிற்றின் பக்கவாட்டுத் தோல் கிழியும். கடைசியாக, கையுறையில் இருந்து விரல்களை உருவுவதுபோல ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்கும்.

வெளித்தோல் மட்டும்தான் கழல்கிறது என்று நினைக்க வேண்டாம். விஷப்பற்கள், இரையை உறிஞ்சும் வயிற்றின் உட்புறத் தோல், நுரையீரலின் உட்தோல் என எல்லாமே கூடவே உரிந்து வரும். குட்டிகள் சில நிமிடங்களில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். பெரிய சிலந்திக்குப் பல மணி நேரம் ஆகலாம். நடுவில் அசையாமல் ஓய்வெடுப்பதும் உண்டு. 'நின்னுபோச்சு' என்று பதற வேண்டாம்.

சிக்கல் எங்கே வருகிறது?

நீரிழப்பு, பலவீனம், முதுமை, பழைய காயம் போன்றவற்றால் உரித்தல் பாதியில் நின்றுவிடலாம். ஒரு காலோ, இரண்டு மூன்று கால்களோ பழைய தோலுக்குள் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும் சிக்கல். புதிய ஓடு நேரம் ஆக ஆகக் கெட்டியாகிவிடும். உள்ளே மடங்கியிருக்கும் கால் அப்படியே கோணலாக இறுகிவிடும் என்பதுதான் ஆபத்து.

பருவமடைந்த ஆண் சிலந்திகளின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலான ஆண்கள் அதன் பிறகு உரிப்பதே இல்லை. அரிதாக மீண்டும் முயன்றால், முன்னால் இருக்கும் இனப்பெருக்க உறுப்பு பழைய தோலில் சிக்கிக்கொள்ளும். பல நேரங்களில் அதுவே அவற்றின் முடிவாகிவிடுகிறது.

எப்போ கை வைக்கலாம்?

சிலந்தி கொஞ்சமாவது அசைந்து முன்னேறிக்கொண்டிருக்கும் வரை தொடவே கூடாது. தொட்டியை நகர்த்தவும் கூடாது. புதிய தோல் ஈரக் காகிதம் மாதிரி அவ்வளவு மென்மையானது. வயிற்றில் சின்ன கிழிசல் விழுந்தாலும் உடல் திரவம் வெளியேறி உயிர் போய்விடும்.

ஒரு நாள் முழுக்க ஆகியும் எந்த முன்னேற்றமும் இல்லை, அல்லது உடல் வெளியே வந்துவிட்டது, கால் மட்டும் மாட்டியிருக்கிறது என்றால்தான் உதவலாம்.

- மெல்லிய ஓவியத் தூரிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மாட்டியிருக்கும் பழைய தோலில் மட்டும் சொட்டுச் சொட்டாக வைக்க வேண்டும். தோல் ஊறி இளகினால் சிலந்தியே காலை உருவிக்கொள்ளும்.
- வயிற்றின் அடிப்புறத்தில் வெளிர் நிறத் திட்டுகள்போல 4 நுரையீரல்கள் இருக்கும். அங்கேயும் வாயிலும் தண்ணீர் படவே கூடாது.
- பழைய தோலைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதோடு காலும் சேர்ந்து பிய்ந்துவிடலாம்.
- உடல் திரவம் கசிந்தால், அந்த இடத்தில் கொஞ்சம் சோள மாவு தூவிக் கசிவை நிறுத்தப் பார்க்கலாம்.
- முடிந்தால், அரிய வகை செல்லப் பிராணிகளுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

கால் போச்சுன்னா?

சிக்கிய காலைச் சிலந்தி தானாகவே கழற்றிவிடுவதும் உண்டு. பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் இது பெரிய இழப்பு இல்லை. உடலை ஒட்டிய மூட்டில் கழல்வதால் கசிவு சீக்கிரம் நின்றுவிடும். அடுத்த முறை சட்டை உரிக்கும்போது அதே இடத்தில் சின்னதாக ஒரு புதிய கால் முளைத்திருக்கும். அடுத்தடுத்த முறைகளில் அது பழைய அளவுக்கு வளர்ந்துவிடும்.

உறிஞ்சும் வயிற்றின் உட்தோல் சரியாக வெளியே வராமல் போவதுதான் உண்மையான அபாயம். வெளியே எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால், சிலந்தியால் சாப்பிட முடியாது. இதற்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் இல்லை.

உரித்து முடிந்த பிறகு?

புதிய சட்டையோடு வரும் சிலந்தியின் விஷப்பற்கள் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். பிறகு சிவப்பாகி, கடைசியில் கருப்பாகும். கருப்பாகும் வரை இரை போடக் கூடாது. சின்ன சிலந்திக்கு ஒரு வாரம், பெரியதற்கு 2 வாரங்கள் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை தண்ணீர் மட்டும் போதும்.

கழற்றிப் போட்ட சட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். சற்று வளர்ந்த சிலந்தியாக இருந்தால், ஆணா பெண்ணா என்பதை அந்தத் தோலின் உட்புறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு ஆர்டர் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. 2021 ஜூலையில் போலந்தில் இருந்து சென்னைக்கு வந்த தபால் பார்சலில், சின்னச் சின்ன குப்பிகளில் அடைக்கப்பட்ட 107 உயிருள்ள சிலந்திகளைச் சுங்கத் துறையினர் பறிமுதல் செய்தனர். மெக்சிகன் ரெட் நீ சிலந்தியின் பேரினமான 'பிராக்கிபெல்மா' வகையும் அதில் இருந்தது.

இந்தப் பேரினத்தின் சர்வதேச வர்த்தகம் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் 'பொசிலோதீரியா' டரான்டுலாக்களும் 2019-ல் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். உரிய அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்வது குற்றம்.

சட்டப்படி வளர்ப்பவராக இருந்தாலும், காட்டுப் பாதையில் தற்செயலாக ஒரு டரான்டுலாவைப் பார்ப்பவராக இருந்தாலும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மல்லாந்து கிடக்கும் சிலந்தி உதவி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தன்னைத் தனியாக விட்டால் போதும் அதற்கு.