பத்து வயது டீசல் கார்: புதுப்பிக்குமுன் பாகம் கிடைக்குமா என்று பாருங்கள்

கிளமெண்டியில் ஒரு வீவக கார் நிறுத்துமிடத்தில் பத்து வயதை நெருங்கும் ஐரோப்பிய டீசல் கார் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாகன உரிமைச் சான்றிதழ் முடியப்போகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் உரிமையாளருக்குத் தூக்கம் வரவில்லை. பெருந்தொகை கட்டிப் புதுப்பித்த மறுமாதமே ஏதாவது பாகம் போய், அது கிடைக்காவிட்டால்?

பயத்தில் நியாயம் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. இங்குள்ள டீசல் கார்களின் எண்ணிக்கை இனிக் குறையத்தான் செய்யும். அவற்றுக்காகப் பாகம் வாங்கி வைக்கும் கடைகளும் குறையும். சான்றிதழைப் புதுப்பித்தால், பத்தாண்டுக்குள் வண்டியை ஒப்படைத்தால் கிடைக்கக்கூடிய கழிவுத்தொகையும் போய்விடும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் பாதிப் பணம்தான், ஆனால் அதற்குப் பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது. சாலை வரியும் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 50 விழுக்காடு வரை ஏறும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே பட்டறைக்குப் போக வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி. அது கரித்தூளைப் பிடித்து வைத்து, சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சாம்பலாக்கும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஈரச்சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதே இல்லை. கரி அடைத்துக்கொள்கிறது. வாரம் ஒருமுறை ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் வரை போய் வந்தால் பெரும்பாலும் எரிந்துவிடும். நிறுத்திய இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது உதவாது. அது சட்டப்படி குற்றமும்கூட. சாம்பலோ எரியாது. வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சாம்பல் குறைந்த எண்ணெயை ஊற்றினால் அந்த நாள் தள்ளிப்போகும். விலை மலிந்த எண்ணெய் இங்கே மிச்சமல்ல, செலவு.

அடுத்தது, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள். அவற்றின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்தால் சுற்றிலும் தார்போலக் கரி இறுகிவிடும். வளையம் சில வெள்ளிதான். இறுகிய இன்ஜெக்டரை எடுக்கத்தான் பணம் கரையும்.

பாகம் தேடும்போது, "இந்த மாடல், இந்த ஆண்டு" என்று கேட்பவருக்குத் தவறான பாகம் வந்து சேர வாய்ப்பு அதிகம். ஒரே ஆண்டில் ஒரே மாடலில் இரண்டு வகை பம்பு இருக்கும். வண்டியின் 17 எழுத்து அடிச்சட்ட எண்ணையும், பழைய பாகத்தில் பொறித்த எண்ணையும் படம்பிடித்துக் கொடுக்க வேண்டும். பாஷ் போன்ற நிறுவனங்கள் கார் நிறுவனத்துக்குச் செய்து கொடுக்கும் அதே பாகத்தைத் தங்கள் பெட்டியிலும் விற்கின்றன. பெரும்பாலும் விலை குறைவு. சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் பட்டறைகளில் எண்ணைச் சொன்னால் வேலை சுலபம்.

எஞ்சின் பாகங்களை ஜெர்மனியிலிருந்தும் தருவிக்கலாம். ஸ்டியரிங் தொடர்பானவை வலப்பக்க ஓட்டுநர் உள்ள நாட்டிலிருந்து வர வேண்டும். பிரிட்டனோ மலேசியாவோ பொருத்தம். கழித்த வண்டியிலிருந்து கதவு, விளக்கு வாங்கலாம். ரப்பர் குழாயும் பழைய கரி வடிகட்டியும் வேண்டாம். இன்ஜெக்டர் மாற்றினால், அதன் மேலுள்ள குறியீட்டை வண்டியின் கணினியில் பதிய வேண்டிய வகையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதியாமல் விட்டால் புதிய பாகத்தோடும் எஞ்சின் உதறும். பழி பாகத்தின்மேல் விழும்.