இணையத்தில் எழுதியது பத்து வருஷம் நிற்குமா?

2015 டிசம்பர் மழை ஓய்ந்த பிறகு எங்க தெருவில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். இவ்வளவு தண்ணி எந்த வழியா வந்தது? அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிப் பக்கம் போகணும். நடுவில் எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்து போச்சு என்று சொல்ல ஆளில்லை.

எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். 2003 வாக்கில், நான் பி.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற ஒரு தொழிற்சாலை ஊழியர் அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயில் வட்டாரத்து ஏரிகளையும் கோயில்களையும் பற்றி இணையத்தில் எழுதி வந்தார். மொத்தம் 17 கட்டுரைகள். ஏரிகளின் கலங்கல், மதகு, வாய்க்கால் எல்லாவற்றையும் சைக்கிளில் சுற்றிப் பார்த்து, கையால் வரைந்த ஒரு படமும் போட்டிருந்தார். அந்தப் படம்தான் எனக்கு வேணும்.

சேமித்து வைத்திருந்த சுட்டியைத் திறந்தால் பக்கம் இல்லை. அவர் பயன்படுத்திய இலவசத் தளத்தை எப்பவோ மூடிவிட்டார்கள். விசாரித்தால், அவரும் இரண்டு வருஷம் முன்னாடியே காலமாகியிருந்தார்.

அந்தக் கட்டுரைகளைத் தேடி மீட்டதில்தான், இணையத்தில் எழுதுவது பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி கிடைத்தது. புதுசா எது வந்தாலும் பின்னாடி ஓடணுமா, எதை விட்டுவிடலாம் என்று அடிக்கடி நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கான பதிலும் இதிலேயே இருக்கு.

எழுத்து இருந்தது, படிக்க முடியவில்லை

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. அதை எல்லாரும் பார்க்கும்படி 2001-இல் திறந்துவிட்டார்கள். வேபேக் மெஷின் என்று பெயர். பழைய முகவரியைக் கொடுத்தேன். 17-இல் 11 பக்கம் கிடைத்தது.

திறந்தால் ஒரே குப்பை. "தமிழ்" என்று வரவேண்டிய இடத்தில் ஒரு முக்கால் பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, ஒரு சென்ட் நாணயக் குறி, தலையில் கோடு போட்ட யூ. பழைய ஆட்களுக்கு இதைப் பார்த்ததுமே புரிந்துவிடும். இது திஸ்கி.

புதியவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. ஒரு பைட்டில் 256 எண்கள். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மீதி 128 இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து, அதற்கென ஒரு எழுத்துருவை நிறுவிக்கொண்டால் தமிழ் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதில்தான் ஆளுக்கொரு வழி. பத்திரிகைத் தளங்கள் தங்களுக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தன. இணையத்தில் புழங்கிய தமிழர்கள் கூடிப் பேசி திஸ்கியை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு முறைகளையும், இன்றும் பலர் தட்டும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது.

யூனிகோடில் அப்போதே தமிழுக்கு 128 இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000-இல்தான் அதற்கான ஆதரவும் லதா எழுத்துருவும் வந்தன. விண்டோஸ் 98 வைத்திருந்த வாசகருக்கு யூனிகோடு தமிழ் ஒழுங்காகத் தெரியாது. அதனால் 2003-இல் அந்தப் பெரியவர் திஸ்கியில் எழுதியது தப்பே இல்லை. அன்றைக்கு வாசகர் கையில் இருந்தது அதுதான்.

திஸ்கியை யூனிகோடாக மாற்றுவது வெறும் 'கண்டுபிடித்து மாற்று' வேலைதானே என்று பைத்தானில் இருபது வரி எழுதினேன். வந்தது: "திருமுல்ைலவாயில்".

காரணம் எளிது. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். "லை" எழுதும்போது முதலில் ஐகாரக் கொம்பு, பிறகு ல. யூனிகோடு ஒலி வரிசையில் சேமிக்கும். முதலில் ல, பிறகு ஐகாரம். "கோ" இன்னும் மோசம். திஸ்கியில் அது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் க-வும் ஓகாரக் குறியும் மட்டும். கோயில்களைப் பற்றி எழுதிய மனுஷரின் கட்டுரையில் எத்தனை "கோ" வரும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்! வரிசை மாற்றும் விதியைச் சேர்த்த பிறகுதான் சரியாச்சு. (சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி இந்த வேலையை முன்பே செய்துகொண்டிருந்தது. இருந்தாலும் நாமே செய்தால்தான் புரியும்.)

திஸ்கியின் அட்டவணை பொதுவில் இருந்தது. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. ஒரு நிறுவனத்தின் சொந்த எழுத்துருவில் எழுதியிருந்தால், எந்த எண் எந்த வடிவம் என்று ஒவ்வொன்றாகத் துப்பறிந்திருக்கணும். மதுரைத் திட்டமும் இதே வழியில் வந்ததுதான். 1998 பொங்கலன்று தொடங்கி, திஸ்கியில் நூல்களை வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாறியது. திறந்த தரத்தில் இருந்ததால் நூல்கள் காலத்தோடு நகர முடிந்தது.

ஆக முதல் பாடம்: புதிய தரம் எல்லாருக்கும் பொதுவானதா, ஒருவருடைய சொத்தா என்று பாருங்கள். பொதுவானது என்றால் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடருங்கள்.

முகவரி என்பது ஒரு வாக்கு

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே, நல்ல முகவரி மாறாது என்ற கருத்தில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கேட்டவர்கள் குறைவு. 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீசை மூடியது. 2014 செப்டம்பரில் ஆர்க்குட், 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ்.

நம்மூருக்கு நெருக்கமான உதாரணம் பிளாக்ஸ்பாட். 2012 முதல் இந்திய வாசகர்களை டாட் காம் முகவரியிலிருந்து டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட ஆரம்பித்தார்கள். நாம் முகவரிப் பட்டையில் இருந்ததை அப்படியே நகலெடுத்து மெயிலிலும் கட்டுரைகளிலும் ஒட்டினோம். 2020-இல் அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. அந்தச் சுட்டிகள் ஒரே நாளில் செத்தன. கட்டுரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, டாட் காமில் பத்திரமாக இருந்தன. வழிதான் இடிந்தது.

அதனால், முடிந்தால் சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் செலவுதான். தளத்தை எங்கே மாற்றினாலும் முகவரி மாறாது.

முகவரியில் இன்னொரு நுணுக்கம். ஒரு தமிழ் எழுத்துக்குறி யூனிகோடில் 3 பைட். சுட்டியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். "தமிழ்" என்ற சொல்லில் 5 குறிகள், ஆக 45 எழுத்து! நான்கு சொல் தலைப்பு வாட்ஸப்பில் அரைப் பக்கத்துக்கு நீளும். பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியைச் சின்னதாக ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

வாசகர் வரும் வழி

இதுதான் அடிக்கடி மாறுவது. 2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். யார் எழுதினாலும் அங்கே தெரியும். அப்புறம் ஆர்.எஸ்.எஸ். ஓடைகளைப் படிக்க கூகுள் ரீடர், 2005-இல் வந்தது. 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடினார்கள். பிறகு ஃபேஸ்புக், வாட்ஸப், யூடியூப். இப்போது தேடினால் செயற்கை நுண்ணறிவே பதிலைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறது.

என் அனுபவத்தில், இவற்றை பஸ் மாதிரி வைத்துக்கொள்ளணும். ஆவடியிலிருந்து வேலைக்கு வர நான் மின்சார ரயிலும் பிடிப்பேன், 70-ஆம் நம்பர் வழித்தடம் மாறினால் ஷேர் ஆட்டோவும் பிடிப்பேன். அதற்காக ரயிலிலேயே குடியிருக்க முடியாது. கட்டுரையை உங்கள் தளத்தில் எழுதி, சுட்டியை மட்டும் எல்லா இடத்திலும் பகிருங்கள். ஃபேஸ்புக்கில் நேரடியாக நாற்பது வரி எழுதிய நண்பர்கள், மூன்று வருஷம் கழித்து அதைத் தாங்களே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

படத்துக்குள் எழுத்தை வைத்து வாட்ஸப்பில் அனுப்புவதும் அப்படித்தான். பார்க்க அழகு. ஆனால் தேட முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம்.

தமிழில் தேடுபவர் கண்ணில் பட

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நம் மொழியில் சொல் உருமாறும். "ஆவடி" என்று தேடுபவருக்கு "ஆவடியில்", "ஆவடிக்கு" மட்டும் உள்ள கட்டுரை கிடைக்காமல் போகலாம். அதனால் ஊர்ப் பெயர் வேற்றுமை உருபு ஏறாமல் தலைப்பில் ஒருமுறை வரட்டும். திருமுல்லைவாயில், திருமுல்லைவாயல் என்று இரண்டு வழக்கு இருந்தால் இரண்டையும் உள்ளே சொல்லிவிடுங்கள். வருஷத்தை எழுதுங்கள். "போன வருஷம்" என்று எழுதினால் பத்து வருஷம் கழித்துப் படிப்பவர் என்ன செய்வார்? "1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு" என்று இருந்தால் எந்தக் காலத்திலும் உதவும்.

இதெல்லாம் தேடுபொறிக்காகச் செய்வது போலத் தெரியும். உண்மையில் வாசகருக்காகத்தான். எவ்வளவு அடிக்கடி எழுதணும் என்று கேட்பார்கள். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 வரை வெண்முரசை தினமும் இணையத்தில் வெளியிட்டார், 26 நாவல்கள். நமக்கு அது ஆகாது. மாதம் ஒன்று எழுதினாலும், வேறெங்கும் கிடைக்காத ஒரு தகவல் அதில் இருந்தால் போதும்.

கடைசியாக

மீட்ட 11 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரின் மகளைப் பார்க்கப் போனேன். அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாதில்லையா. "அப்பா எழுதினதா அண்ணா? நெட்லயா? அவர் ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாடுறார்னுல நினைச்சோம்" என்றார். பரணில் இருந்த ஒரு ஃபைலை இறக்கிக் காட்டினார். மனுஷர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்! இன்னும் மூன்று கட்டுரை அதில் கிடைத்தது. மொத்தம் 14.

வாய்க்கால் படம் கிடைக்கவில்லை. ஆர்க்கைவில் எழுத்து இருந்தது, படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம். ஃபைலிலும் இல்லை. எழுத்தில் அவர் சொல்லியிருந்த அடையாளங்களை வைத்து இரண்டு நாள் நடந்து பார்த்தேன். பாதி தூரம் பிடிபட்டது. மீதி இடத்தில் வீடுகள்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு கட்டுரை முடிந்ததும் அதை வேபேக் மெஷினில் நானே சேமித்துவிடுவேன், படங்களையும் சேர்த்து. தளத்தின் முழுப் பிரதி மாதம் ஒருமுறை என் ஹார்ட் டிஸ்க்கில் இறங்கும். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ், யாரும் நகலெடுக்கலாம். 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இப்படி உரிமம் கொடுத்தவர்களின் எழுத்தை மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறது. நகல் பல இடத்தில் இருந்தால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். கடவுச்சொற்கள் எங்கே இருக்கு என்று என் மனைவிக்குத் தெரியும்.

முக்கியமான கட்டுரை என்றால் ஒரு பிரிண்ட்டும் எடுத்து பரணில் போட்டு வைக்கிறேன்.