காட்டுப் பாதையில் அச்சு முறிந்தால்

கெடாவில் பாலிங், சீக் வட்டாரத்து மேட்டுத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் புதிதல்ல. துரைமார்களின் வண்டி அது. அவசர நேரத்தில் நோயாளியையும் அதில்தான் ஏற்றினார்கள். இன்று அந்தப் பாதைகளில் சிறுதோட்டக்காரர்களின் பிக்கப் வண்டிகள் செம்பனைக் குலைகளைச் சுமந்து ஓடுகின்றன. வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும். ஆகவே, வழியில் வண்டி நின்றால் நட்டம் வண்டியோடு நிற்பதில்லை.

பழைய லேண்ட் ரோவரில் அடிக்கடி முறிவது பின் அச்சுத்தண்டு. பட்டறைக்காரர்கள் இதை ‘ஹாஃப் ஷாஃப்ட்’ என்பர். டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்திற்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் எஃகுக் கோல் இது. சேற்றில் வீணாகச் சுழலும் சக்கரம் திடீரென ஒரு வேரையோ கல்லையோ பற்றும்போது முழு விசையும் இந்தக் கோலை முறுக்குகிறது. பாதி குற்றம் எண்ணெய் மிதியை அழுத்தும் காலுக்குத்தான்!

எதைக் கொண்டு போக வேண்டும் என்பது அச்சின் வகையைப் பொறுத்தது. லேண்ட் ரோவரில் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தின் நடுக்குடம் தாங்குகிறது; தண்டு சுழல மட்டுமே செய்கிறது. ஆறு போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரத்தை எடுக்காமலே தண்டை உருவிவிடலாம். ஆனால் இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் ஒரே நீளமல்ல. ஒன்றை மட்டும் எடுத்துச் செல்பவருக்கு முறிவது மற்றதாக இருக்கலாம்!

சுசுகி எஸ்ஜே410, பழைய ஹைலக்ஸ் போன்றவற்றில் தண்டே பாரத்தையும் சுமக்கிறது. ஆகவே ஜேக், பிரேக் டிரம் வேலை எல்லாம் உண்டு. இதில் பேரிங்கை அழுத்து இயந்திரத்தால் ஏற்றியிருப்பார்கள். காட்டில் அது கிடைக்காது. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு பட்டறையில் பேரிங்கை முன்கூட்டியே ஏற்றி, முழுத் தண்டாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பலர் மறப்பது காந்தம். முறிந்த துண்டு உள்ளே தங்கினால் டிஃபரன்ஷியல் பற்களை நொறுக்கிவிடும். நீண்ட கம்பியில் கட்டிய காந்தத்தால் அதை வெளியே இழுக்கலாம். மாற்றுத்தண்டு இல்லையென்றாலும் லேண்ட் ரோவரில் வழியுண்டு. துண்டுகளை எடுத்துவிட்டு, துளையைப் பிளாஸ்டிக் பையால் இறுகக் கட்டி, நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டினால் முன் சக்கரங்கள் மெதுவாக வீடு சேர்க்கும். முன்பக்கம் முறிந்து, சக்கரத்தில் கையால் திருப்பும் பூட்டு இருந்தால், இரண்டையும் விடுவித்துப் பின் சக்கரங்களால் திரும்பலாம்.

ஜேக்கிற்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், தலைவிளக்கு, சரியான அளவு ஸ்பானர்கள் ஆகியவையும் வேண்டும். தண்டுக்குக் கிரீஸ் தடவி, பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பில் நுழைத்து இருக்கைக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். துரு பிடிக்காது, உருண்டு ஆளையும் அடிக்காது. புறப்படும் முன் வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். எந்த ஸ்பானர் குறைகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.