திடீரென வாடகையை ஏற்றும் ஹவுஸ் ஓனர்... பல வருஷம் குடியிருப்பவருக்கு சட்டம் தரும் உரிமை என்ன?

"அடுத்த மாசத்துல இருந்து 14 ஆயிரம். முடிஞ்சா இருங்க, இல்லைன்னா வேற வீடு பாத்துக்கங்க." 9 ஆயிரம் ரூபாய் வாடகையில் பத்து, பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருப்பவரிடம் இப்படிச் சொன்னால், ஒரே அடியில் 55 சதவீதத்துக்கும் மேல் உயர்வு. பிள்ளைகளின் ஸ்கூல், வேலைக்குப் போகும் தூரம், புது வீட்டுக்கு அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நிற்கும். கேட்ட தொகையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? தமிழ்நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

எந்தச் சட்டம் பொருந்தும்?

முன்பு 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. பழைய சட்டம் கட்டடத்தின் மதிப்பை வைத்து 'நியாய வாடகை' கணக்கிட்டது. புதிய சட்டத்தில் எல்லாமே அக்ரிமெண்ட்தான். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகையே வாடகை.

வாடகை உயர்வுக்கு உச்ச வரம்பு உண்டா?

'வருஷத்துக்கு 5 சதவீதம்தான் ஏத்தணும்', '10 சதவீதத்துக்கு மேல கூடாது' என்று பலரும் சொல்வார்கள். அது வழக்கம்தான், சட்டம் அல்ல. இந்தச் சட்டத்தில் அப்படி ஒரு சதவீத வரம்பு இல்லை. அக்ரிமெண்டில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் 5 சதவீதம், 10 என்று எழுதியிருந்தால் 10.

ஆனால் இதே விதி வீட்டு உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். அக்ரிமெண்ட் காலம் முடியும் முன்பே, அதில் இல்லாத உயர்வை அவர் தன்னிஷ்டத்துக்குக் கேட்க முடியாது. வீட்டு உரிமையாளர் இறந்து, மகனோ மகளோ பொறுப்புக்கு வந்தாலும் மீதமுள்ள காலத்துக்கு அதே அக்ரிமெண்ட் அவர்களைக் கட்டுப்படுத்தும். 'அப்பா காலத்து வாடகை இனி செல்லாது' என்று நடுவில் சொல்ல முடியாது.

அக்ரிமெண்ட் காலம் முடிந்துவிட்டால்?

காலம் முடிந்து, புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதத்துக்கு மாதம் வாடகை தொடர்வதாகக் கருதப்படும். இது அதிகபட்சம் ஆறு மாதங்களுக்கு மட்டுமே. இந்த ஆறு மாதம்தான் புதிய வாடகையைப் பேசி முடிக்கவோ, வேறு வீடு பார்க்கவோ கிடைக்கும் நேரம். அதன் பிறகும் உரிமை இல்லாமல் தங்கினால், வாடகையைப் போல் இரு மடங்கு இழப்பீடு கேட்க வீட்டு உரிமையாளருக்கு வழி உண்டு.

வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

நீண்டகால வாடகைதாரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். நம்பிக்கையில் வந்திருப்பார்கள், எழுத்தில் எதுவும் இருக்காது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களும் எழுத்துப்பூர்வ அக்ரிமெண்ட் போட வேண்டும். அது போடப்படாததையே காரணமாகக் காட்டி, வெளியேற்றக் கோரி வீட்டு உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதனால் 'கையெழுத்தே போட மாட்டேன்' என்று ஒதுங்குவது வாடகைதாரருக்குத்தான் ஆபத்து. அக்ரிமெண்ட் போடத் தயார் என்பதையும், எவ்வளவு உயர்வு தர முடியும் என்பதையும் எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

'12 வருஷம் இருந்தா வீடு நமக்கே' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு, எத்தனை வருஷம் ஆனாலும் அதனால் சொத்துரிமை வராது.

பதிவு ஏன் முக்கியம்?

11 மாத அக்ரிமெண்டை 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வைத்தால் போதாது. எத்தனை மாதத்துக்கானதாக இருந்தாலும், கையெழுத்திட்ட 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் இணையதளம் வழியாகவே விண்ணப்பித்து பதிவு எண் பெறலாம். ஓனர் வரவில்லை என்றால், வாடகைதாரர் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்யலாம். பதிவு இல்லாத அக்ரிமெண்டை பின்னால் ஆதாரமாகக் காட்டுவது கஷ்டம்.

கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் என்ன செய்யலாம்?

* வாடகையில் தகராறு வந்தால், வாடகைதாரரோ வீட்டு உரிமையாளரோ வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத இந்த அதிகாரி, வாடகையையும் அது அமலாகும் தேதியையும் நிர்ணயிக்கலாம்.

* பழைய வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தக் கூடாது. இரண்டு மாத பாக்கி விழுந்தால், அதுவே வெளியேற்றக் கோரும் காரணமாகிவிடும். வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினால் ஆதாரம் கையில் இருக்கும்.

* 'புது வாடகை தந்தால்தான் வாங்குவேன்' என்று ஓனர் மறுத்தால், தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டர் போன்ற வழியில் அனுப்ப வேண்டும். அப்போதும் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

* தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது போன்றவற்றுக்கு சட்டத்தில் இடமில்லை. வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பத் தர இடைக்கால உத்தரவிடலாம்.

* பூட்டை மாற்றியோ, சாமான்களை வெளியே வைத்தோ காலி செய்ய வைக்க முடியாது. வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும்.

அட்வான்ஸ் தொகை?

வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி செய்தால், நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அதனால் அட்வான்ஸ் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அரசுக் கட்டடங்கள், நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் குடியிருப்புகள் போன்றவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

இத்தனை வருஷம் குடியிருக்கிறோம் என்பது மட்டும் இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு ஆகாது. பதிவான அக்ரிமெண்டும், தவறாமல் கட்டிய வாடகைக்கான ரசீதும்தான் பாதுகாப்பு. கையில் அக்ரிமெண்ட் இருந்தால், அது எந்தத் தேதியில் முடிகிறது, எத்தனை சதவீத உயர்வு எழுதியிருக்கிறது என்பதை இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.