விதையே முதல்: நெல் ஜெயராமன் காட்டிய வழி

சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் கிராமத்து இளைஞர்கள் முதலில் கேட்பது, "முதலுக்கு எங்கே போவது?" என்பதுதான். திருத்துறைப்பூண்டி அருகே கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன் விதையையே முதலாக வைத்தார்.

2003-இல் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை மேற்கொண்ட நடைப்பயணத்தில் இவரும் சென்றார். வழியில் விவசாயிகள் கொடுத்த காட்டுயானம் உள்ளிட்ட சில ரகங்களே தொடக்கம். 2006-இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவை ஆரம்பித்தார்.

2 கிலோ கணக்கு

திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்பதால், 2 கிலோவில் அரை ஏக்கருக்கு மேல் நடலாம். அறுவடையில் 4 கிலோ கொடுப்பது யாருக்கும் பாரமில்லை. ஒருவர் திருப்பித் தந்த விதை அடுத்த ஆண்டு இருவருக்குப் போனது.

ஆனால் இது ஒரே நாளில் பெருகும் முதல் அல்ல. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு சுமார் 160 நாள், காட்டுயானத்துக்கு சுமார் 180 நாள். ஆண்டுக்கு ஒரு போகம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் மூழ்கினால் அந்த ஆண்டு விதை போச்சு. மறுபடியும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். இப்படியே போகம் போகமாகச் சேர்த்து, 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார். 2018 டிசம்பர் 6-இல் அவர் மறைந்தார். 2021-இல் தமிழக அரசு அவர் பெயரிலேயே மரபுசார் நெல் ரகங்கள் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது.

தொடங்குவோர் கவனத்துக்கு

• முதல் ஆண்டு ஒரு ரகம், அரை ஏக்கர் போதும். மொத்த நிலத்தையும் இறக்க வேண்டாம்.

• விதை வயலுக்கும் வேறு ரக வயலுக்கும் 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். பூக்கும் தருணத்திலும் அறுவடைக்கு முன்பும் கலவன்களைப் பிடுங்குங்கள். கலப்பு விதை ஒருமுறை கைமாறினால், வாங்கியவர் மறுபடி வரமாட்டார்.

• இவை உயரமாக வளர்ந்து சாயும் ரகங்கள். தழைச்சத்தைக் குறைத்தே இடுங்கள்.

• விதையை 13 சதவீத ஈரப்பதத்துக்குள் காயவைத்துச் சேமியுங்கள்.

• அரிசியாக்கிப் பொட்டலமிட்டு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை. மதிப்புக்கூட்டும் பயிற்சிக்குத் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தை அணுகலாம்.

முதல் போகத்தில் லாபம் பார்க்க வேண்டுமென்று அவசரப்படாதீர்கள். நல்ல விதை கையில் நின்றால், அடுத்த ஆண்டுக்கான முதல் உங்களிடமே இருக்கிறது.